தகட்டின் மேல் ஒரு கீறல்

தருமபுரியை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் நண்பர் ஒருவரை நாம் அவ்வப்போது சென்று காண்பதுண்டு. பள்ளியில் ஓவிய ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். இன்று அவருக்கு உள்ள வேலை பதிப்போவியம் ஒன்றே. முந்தின இரவே தாளை நனைத்து வைப்பார். விடிந்ததும் துத்தநாகத் தகட்டின் மீது மெழுகுப் பூச்சிட்டு, எஃகு ஊசியால் கோடிழுத்து, அமிலத்தில் அமிழ்த்துவார். மெழுகு விலகிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பின்னர் மையைத் தேய்த்து, மிகுந்ததை முரட்டு வலைத்துணியாலும் இறுதியில் உள்ளங்கையாலும் துடைத்து, பள்ளத்தில் மட்டும் மை தங்கச் செய்து, ஈரத்தாளை மேலிட்டு, கையால் சுற்றும் பொறியின் உருளைக்கு அடியில் செலுத்துவார். ஒரு படிக்கு அரைமணி நேரத்திற்குக் குறையாது. நாளைக்கு நான்கு படிகளுக்கு மேல் எடுத்தால் தோள் ஒத்துக்கொள்வதில்லை என்பார்.

அறையின் மறுபக்கம் முழுவதும் பழைய திரைப்படம். ஓரணா, ஈரணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள், நிறம் மங்கிய சுவரொட்டிகள், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் படங்களைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகள். 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே 1950இல் வெளிவந்த 'மந்திரி குமாரி'யும், 1956இல் வண்ணத்தில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படமும் தம் சொந்த மாவட்டத்துச் சரக்கு என்ற பெருமிதம் அவருக்கு உண்டு. அந்தப் பெருமிதத்தோடு விவாதிக்க நாம் முயன்றதில்லை.

சென்ற மழைக்காலத்தில் நாம் போனபோது, மிதிவண்டியின் பின்னால் படப்பெட்டியைக் கட்டிக்கொண்டு மழையில் செல்லும் ஒருவனைத் தகட்டில் வரைந்து முடித்திருந்தார். ஓர் ஊரின் டெண்டுக் கொட்டகையில் முதற்காட்சி முடிந்ததும் படச்சுருளை அடுத்த ஊருக்குக் கொண்டு ஓடியவர்களை நம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அதில் பதினைந்து படிகள் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் 1/15, 2/15 என்று எண்ணிட்டிருந்தார். சென்னையில் ஒரு விற்பனையாளரிடம் பதினைந்துதான் என்று சொல்லியாகிவிட்டது. இனி மரபுப்படி தகட்டின் குறுக்கே ஆழமாகக் கீறிவிட வேண்டும். அதன் பின் எவரும் அதிலிருந்து முழுப்படம் எடுக்க இயலாது. கீறுளியைக் கையில் எடுத்தவர் நம்மைப் பார்த்து, "ஐயா, நீங்களே சொல்லுங்கள். இது செய்யத்தக்கதுதானா?" என்று வினவினார்.

நாம் உடனே, "வேண்டாம், நல்ல தகட்டை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்றோம். அவர் கீறுளியைக் கீழே வைத்தார். அந்த விரைவான விடை பல நாள் நம்மை உறுத்திற்று.

ஏனெனில் எண்ணிடும் வழக்கம் முழுவதும் வணிகத் தந்திரமன்று. தகடு தேயும் பொருள். அமிலமின்றி ஊசியால் நேரே கீறிய செப்புத் தகட்டில், கோட்டின் ஓரம் எழும்பி நிற்கும் மெல்லிய பிசிறு சில பத்துப் படிகளுக்குள் நசுங்கிவிடும். முற்படி பெற்றவனுக்கும் பிற்படி பெற்றவனுக்கும் ஒன்றையே கொடுத்ததாக ஓவியன் சொன்னால் அது பொய்யாகும். அந்த அளவில் எண் என்பது நேர்மை. ஆனால் அமிலம் அரித்த ஆழமான கோடு இன்னும் பல படிகளைத் தாங்கும். அங்கே பதினைந்தோடு நிறுத்துவது தகட்டின் தேய்வால் அன்று, விலையின் பொருட்டே. இல்லாமையை நாமே உண்டாக்கி, அதற்கு விலை வைக்கிறோம். பஞ்ச காலத்தில் நெல்லைப் பதுக்குபவனைப் பழிக்கும் நாம், படத்தைப் பதுக்குவதைக் கலைமரபு என்று ஏற்கலாமா?

இவ்வினாவை எண்ணும்போது டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ஒரு தகடு நம் நினைவை விட்டு அகல மறுக்கிறது. 1640களின் இறுதியில் அவர் முடித்த அந்தப் பதிப்போவியத்தில், மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் முழுவதும் ஒரே காட்சியாக விரிகிறது. நோயாளர் கூட்டம் இருளிலிருந்து இயேசுவை நோக்கி ஊர்ந்து வருகிறது. தாய்மார் குழந்தைகளை ஏந்தி வருகின்றனர். தன் செல்வத்தை விட மனமின்றி வருந்திய இளைஞனும் அங்கே அமர்ந்திருக்கிறான். எல்லாரும் வரலாம் என்று அழைக்கும் அப்படத்துக்கு மக்கள் இட்ட பெயரோ 'நூறு கில்டர் படம்'. அக்காலத்தில் அது பெருவிலை. ஓவியர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின், தேய்ந்துபோன அத்தகடு வில்லியம் பெய்லி என்னும் படைத்தலைவரின் கைக்கு வந்தது. அவர் 1775இல் கோடுகளைத் தாமே புதுப்பித்துப் படிகள் எடுத்தார். எடுத்தபின் தகட்டை நான்கு துண்டுகளாக வெட்டினார். வெட்டிய துண்டுகளிலிருந்தும் தனித்தனியே படம் எடுத்தார் என்பது கதையின் கசப்பான பின்னிணைப்பு. குறைவாக்கியும் பொருளீட்டினார், துண்டாக்கியும் பொருளீட்டினார்.

இதற்கு எதிர்த்திசையில் நின்றவர் வங்காளத்தின் சித்தப்பிரசாத். 1943இன் கொடும்பஞ்சத்தில் மிதுனப்பூர் மாவட்டத்து ஊர்களில் அலைந்து, கண்டவற்றை மையால் வரைந்து, 'பசித்த வங்காளம்' என்று பொருள்படும் தலைப்பில் சிறுநூலாக வெளியிட்டார். அச்சிடப்பட்ட 5,000 படிகளை ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. எனினும் ஒரு படி அவருடைய குடும்பத்தாரிடம் தப்பிற்று. அவ்வொன்றைக் கொண்டே பல்லாண்டுகளுக்குப் பின் நூல் மீண்டும் உயிர் பெற்றது. 1978இல் மறையும்வரை வறுமையில் வாழ்ந்த அவர், எளியவரும் வாங்கக்கூடிய லினோலியப் பதிப்புகளையே பெரிதும் நாடினார். படியெடுத்தல் அவருக்குப் பகிர்தல்.

தப்பிப் பிழைத்த ஒரு படி என்றதும் நம் சொந்த வரலாறும் கண்முன் வருகிறது. அண்ட்ரிக் அடிகளார் தமிழில் ஆக்கி, 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்டது. இன்று உலகில் அறியப்பட்ட படி ஒன்றே; அது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதா'ஸுக்கு (1931) அந்த நற்பேறும் இல்லை. நடராஜ முதலியாரின் மௌனப்படமாகிய 'கீசக வத'மும் மறைந்தது. ஓடி முடிந்த சுருள்களில் எத்தனையோ, அவற்றிலிருந்த வெள்ளிக்காகவே கரைக்கப்பட்டன. யாரும் அவற்றைக் கீறி அழிக்கவில்லை. போதிய படிகள் எடுக்க எவரும் எண்ணவில்லை, அவ்வளவே. கொட்டகையில் நாம் பார்த்த படங்களில் ஓயாது மழை பெய்யும். அது சுருளில் விழுந்த கீறல். அந்த மழையினூடே பார்த்துத்தான் நாம் அழுதோம், சிரித்தோம். வீட்டுச் சுவரில் தொங்கும் திரு இருதயப் படம் எத்தனையாவது படி என்று எந்தப் பாட்டியும் கேட்டு நாம் அறியோம்.

நம் மாவட்டத்தார்க்கு இன்னொரு படியெடுப்பும் பழக்கமானது. இங்கே வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டு மாண்டவர்களின் பெயர்கள் பல்லவர் காலத்து வட்டெழுத்தில் அவற்றில் உள்ளன. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் பல காணலாம். கல்வெட்டாய்வாளர் கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மை தோய்ந்த பொதியால் மேலே ஒற்றுகின்றனர். பள்ளம் வெண்மையாய் நிற்க, பரப்பு கறுக்கிறது. நண்பரின் தகடு இடவலம் மாறிய உருவைத் தரும். இந்த மைப்படியோ மை புறத்தே படுவதால் நேராகவே வரும். கல்லை எவரும் கீறுவதில்லை. அது வெயிலில் தேய்ந்து, ஒரு நாள் அதன் எழுத்து மறைந்தால், மாண்டவனின் பெயரைக் காப்பது அந்தத் தாள்தான்.

இவற்றையெல்லாம் அடுக்கிக்கொண்டு, நம் முதல் விடையே சரி என்னும் நிறைவோடு மீண்டும் சென்றோம். நண்பர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கிருஷ்ணா ரெட்டியைப் பற்றிப் பேசினார். கிருஷ்ணகிரிக்கு அப்பால் சித்தூர் மாவட்டத்தில் 1925இல் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் 1947 முதல் 1949 வரை ஓவியப் பிரிவை நடத்தி, பாரிஸில் புகழ்பெற்று, 2018இல் நியூயார்க்கில் மறைந்தவர். மைகளில் எண்ணெயின் அளவை மாற்றி, மென்மையும் கடினமும் கொண்ட உருளைகளால் ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒன்றோடொன்று கலவாமல் ஏற்றி, ஒரே அழுத்தத்தில் பதிக்கும் முறையை வளர்த்தவர். "அவ்வாறு ஏற்றும் மை ஒவ்வொரு முறையும் சற்றே வேறாக நிற்கும், ஐயா. நானும் அப்படித்தான். ஒவ்வொரு படியையும் புதிதாய்ச் செய்கிறேன். நூறு படி எடுக்கச் சொல்கிறீர்கள். இந்தத் தோளால் ஆகுமா? ஆகுமென்றே வையுங்கள். பதினைந்து என்று எழுதிக் கையொப்பம் இட்டேனே, அதை நம்பி வாங்கியவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?" என்றார்.

நாம் தகட்டையே எண்ணியிருந்தோம்; பென்சிலால் எழுதிய எண்ணை எண்ணவில்லை. எத்தனை பேருக்குக் கொடுப்பது என்பது ஈகையைச் சார்ந்த வினா. கொடுத்த வாக்கைக் காப்பதோ வாய்மையைச் சார்ந்தது. ஈகையின் பெயரால் வாய்மையை மீறுமாறு நாம் அவருக்கு அறிவுரை கூறியிருந்தோம். ஈகை எண்ணமுள்ளவன் தகட்டுக்கு முன்பே, எண்ணிடும் வேளையிலேயே அதைத் தீர்மானித்திருக்க வேண்டும். இதை நாம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அடுத்த தகட்டில் எண்ணே இடப்போவதில்லை. சந்தைநாளில் அரூரில் ஒரு துணி விரித்து விற்கலாமா என்று எண்ணுவதாகச் சொன்னார். விற்பனையாளர் ஏற்பாரா என்பது வேறு கதை.

அன்று மாலை கீறினார். வலமேலிருந்து இடக்கீழாக ஒரே இழுப்பு. கீறிய தகட்டுக்குச் சான்றாக ஒரு படி எடுத்து வைப்பது இக்கலைஞர்களின் வழக்கம். அதற்கும் மையிட்டு, அதே கவனத்தோடு உள்ளங்கையால் துடைத்தார். அதில் எண் இல்லை. அதை நமக்குத் தந்தார். நம் வீட்டுக் கூடத்தில் அது தொங்குகிறது. மிதிவண்டிக்காரனின் குறுக்கே இடமிருந்து வலமாக ஒரு கருங்கோடு இறங்குகிறது. வருவோர் பலர், அது மழை என்றே நினைக்கிறார்கள்.