முறை பெரிதா, மனிதர் பெரிதா?

துன்பமுற்றோர்க்கு ஆறுதல் கூறுதல் எளிய செயல் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். மகனை இழந்தவளிடம், “எல்லாம் தலைவிதி” என்கிறோம். கணவனிடம் அடிபட்டு வந்தவளிடம், “பொறுத்துக்கொள், பிள்ளைகளின் முகத்தைப் பார்” என்கிறோம். வேலையிழந்து தலை கவிழ்ந்திருக்கும் இளைஞனிடம், “ஆண்பிள்ளை அழலாமா?” என்கிறோம். நாவில் ஆயத்தமாய் நிற்கும் இச்சொற்கள் எவருடைய நோய்க்கும் பொருந்தும் என்று நாம் நம்புவது ஏன்? சொல்லுகின்ற நமக்கு அவை வசதியாயிருக்கின்றன என்பதன்றி வேறு காரணம் காணோம்.

மன நோவைக் கேட்டு, அது தீர வழிகாண உதவுதல் இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. பதிவு பெற்றோரே இத்தொழிலை நடத்த வேண்டுமென மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் விதிக்கின்றது. அத்தகைய ஆலோசகருள் சிறந்தோர் எல்லாரிடத்தும் ஒரே முறையைக் கையாளுவதில்லை. ஒருவர் அழுது தீர்க்க இடங்கொடுப்பர். மற்றொருவருடன் அமர்ந்து நாளைக்குச் செய்யவேண்டியதை வரிசைப்படுத்துவர். வாய் திறவாதவருடன் தாமும் சிறிது நேரம் வாளாவிருப்பர். இதைக் கண்ட சிலர், “ஆளுக்கொரு வழி நடப்பவனுக்குக் கொள்கை ஏது? கற்ற முறையைக் கைவிட்டு, வந்தவர் போக்கிற்கு வளைவது நேர்மையாகுமா?” என வினவுகின்றனர். இவ்வினா தள்ளத்தக்கதன்று.

அமெரிக்க உளநூலறிஞர் காரல் ரோஜர்ஸ் என்பார் 1928ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாண்டுகள் ரோசெஸ்டர் நகரில் குழந்தைகளின் மனநலப் பணி செய்தவர். அடங்காத சிறுவன் ஒருவனின் தாய் அவரிடம் வந்து கொண்டிருந்தாள். இளமையில் அச்சிறுவனைத் தாய் வெறுத்து ஒதுக்கியதே கேட்டிற்குக் காரணம் என அவர் முடிவு செய்து, அதனை அவளுக்கு உணர்த்தப் பலநாள் முயன்றார். பயனில்லை. இறுதியில், இருவரும் முயன்றும் கைகூடவில்லையாதலின் நிறுத்திக்கொள்ளலாம் என்றார், அவளும் இசைந்தாள். வாயில்வரை சென்றவள் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை கூறுவதுண்டோ என்று கேட்டாள். உண்டு என்றதும் மீண்டும் வந்தமர்ந்து, தன் மண வாழ்க்கையின் கசப்பையும் தோல்வியையும் கொட்டித் தீர்த்தாள். குணம் அன்றுதான் தொடங்கிற்று. நோவது எங்கே என்பதை நோவுடையவரே அறிவர் என்னும் பாடத்தைத் தாம் கற்றது அங்கே என, 1961இல் வெளிவந்த நூலில் ரோஜர்ஸ் எழுதியுள்ளார்.

இங்கே உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. அவ்வறிஞரின் ஆராய்ச்சி பொய் என்று எவரும் நிறுவவில்லை. அது மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அவளுக்கு அது உதவவில்லை. ஒருவரைப்பற்றிய உண்மையை நாம் அறிந்திருத்தல் வேறு. அவருக்குத் துணையாயிருத்தல் வேறு. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், மருத்துவன் கருதவேண்டியவற்றுள் நோயாளியின் அளவையே முதலில் வைத்து, நோயின் அளவையும் காலத்தையும் அதன்பின் வைத்தமை எண்ணத்தக்கது.

தோட்டத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. கைதேர்ந்த பால்வெட்டுக்காரரைக் காண்க. கத்தி ஒன்றே, நிரையும் ஒன்றே. எனினும் பட்டை தடித்த மரத்தில் ஒருவிதமாகவும் மெலிந்த மரத்தில் வேறுவிதமாகவும் அவர் கை இறங்குகிறது. ஆழம் குறைந்தாற் பால் குறையும். மிகுந்தால் மரம் காயப்பட்டு, மறுபடி வளரும் பட்டை கரடுமுரடாகும். அவரைக் கொள்கையற்றவர் என்போமா? செக்ரோலில் எல்லாப் பெயர்களும் ஒரே வரிசையில் நிற்கும். துன்பம் அவ்வாறு கட்டத்தில் அடங்குவதில்லை.

அங்ஙனமாயின் வளையாதது எதுவுமில்லையோ? உண்டு. பொய்ம்முகம் காட்டாமை, வந்தவரை எந்நிலையிலும் மதித்தல், அவர் நின்ற இடத்தில் நின்று உணர முயலுதல் என்னும் மூன்றையும் ரோஜர்ஸ் வற்புறுத்தினார். இவை வளையா; இவற்றிற்காகவே ஏனையவை வளைகின்றன. மனைவியை அடிப்பது தன் உரிமை என்பானிடம் தலையாட்டுதல் மதிப்பன்று, கோழைத்தனம். ஒருவர் தம்முயிரையோ பிறருயிரையோ மாய்க்கத் துணிந்திருப்பின், மறைகாத்தல் பெரிதென்று ஆலோசகர் சும்மாயிருத்தலும் அறமன்று.

சட்டமும் இப்பாடத்தைக் கற்றிருக்கின்றது. தற்கொலைக்கு முயன்றோரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும் நீங்கிற்று. சாவின் வாயிலினின்று மீண்டவருக்கு வேண்டுவது விலங்கன்று, துணை என்பதை அரசுகளே ஏற்றபின், நாம் மட்டும் பழைய சொற்களைப் பற்றி நிற்பதோ?

இன்னொன்றும் கூறவேண்டும். “நான் வழி சொல்லேன், நீரே கண்டுகொள்ளும்” என்பதையே ஓர் ஆலோசகர் மாறா விதியாக்கிக் கொள்வாராயின், அதுவும் இரும்புச் சட்டமாகிவிடும். நம் மக்களிற் பலர், “அக்கா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று கேட்டே வருவர். அவர்க்கு மௌனம் புறக்கணிப்பாகத் தோன்றும். அவரிடம் ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதனைக் கட்டளையாகத் தலைமேற் சுமத்தாது, கொள்ளவோ தள்ளவோ அவர் கையிற் கொடுத்துவிட வேண்டும். பிறர் பொருட்டு வளைவோர், தாம் வளைந்து கற்ற முறையினிடத்தும் அடிமைப்படலாகாது.

ஆதலின், வளைதல் நேர்மைக் குறைவன்று. துன்பமுற்றவனும் சிந்திக்க வல்ல மனிதனே என்று ஒப்புக்கொள்வதே அதன் பொருள். அறிவுரை கூறுவோன் மேலே, கேட்போன் கீழே என்னும் எண்ணம் உள்ளவரை, எவ்வளவு இனிய சொல்லும் அதிகாரமேயாகும். பட்டம் பெற்ற ஆலோசகர் லயத்திற்கு லயம் வந்து நிற்கப்போவதில்லை. அண்டை வீட்டாரிடமே முதலில் நம்மவர் அழுகின்றனர். அன்பர்களே, அடுத்த முறை ஒருவர் உம்மிடம் வந்து கண்ணீர் சிந்துங்கால், நாவில் நிற்கும் சொல்லைச் சற்றே நிறுத்தி, “உங்களுக்கு எது பெரிதாய் வலிக்கிறது?” என்று கேளுங்கள். கேட்டபின், விடை வருமளவும் பொறுத்திருங்கள்.