விழுதலும் வீழ்த்தப்படுதலும்

விளையாட்டிடத்திலே பிள்ளையொன்று விழுந்து கையை முறித்துக்கொண்டால், நமது சமுதாயம் மூன்று காரணங்களைச் சொல்லிப் பழகியிருக்கிறது: பிள்ளையின் துடுக்கு, தாயின் கவலையீனம், விதி. அங்கே நின்ற ஊஞ்சலையும் அதன் கீழிருந்த தரையையும் விசாரிப்போர் அரியர். இம்மௌனத்தை ஓர் அறப்பிரச்சினையாகவே நாம் கருதுகின்றோம்.

விழாமல் வளர்ந்த பிள்ளை இல்லை. உயரத்தைக் கண்ணால் அளந்து, அச்சத்தோடு போராடி, ஏறியும் விழுந்துமே அது தன் உடலின் ஆற்றலையும் எல்லையையும் அறிகின்றது. ஜேர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த டென்மார்க்கிலே, 1943 ஆம் ஆண்டில், கொப்பன்ஹேகன் நகரின் எம்ட்ருப் பகுதியில், சிறுவர் கழிவுப் பொருள்களைக் கொண்டு தாமே கட்டி விளையாடும் இடமொன்று திறக்கப்பட்டது. ஒழுங்காக அமைக்கப்பட்ட விளையாட்டிடங்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களையே சிறுவர் விரும்புவதைக் கண்டிருந்த ஸோரென்ஸென் என்னும் பூங்கா வடிவமைப்பாளரே அதற்கு வித்திட்டவர். அங்கே சிறுவர் கையில் சுத்தியலும் ஆணியும் இருந்தன. துணைநிற்க வளர்ந்தவர் ஒருவரும் இருந்தார். ஆகவே, ஆபத்தின் சாயலே படியாத விளையாட்டிடத்தை நாம் கோரவில்லை.

நாம் கண்டிப்பது பிள்ளையின் கண்ணுக்குப் புலப்படாத ஆபத்தையே. சுத்தியல் விரலை நசுக்கும் என்பதைப் பிள்ளை அறியும். ஊஞ்சற் கொளுக்கி தேய்ந்திருப்பதை அறியாது. தடுப்புக் கம்பிகளின் இடைவெளி 3.5 அங்குலத்துக்குக் கூடியும் 9 அங்குலத்துக்குக் குறைந்தும் இருப்பின், சிறு பிள்ளையின் உடல் நுழைந்து தலை சிக்கக்கூடும் என அமெரிக்கப் பாதுகாப்பு நெறிகள் எச்சரிக்கின்றன. இதனைப் பிள்ளை எங்ஙனம் கணிக்கும்? ஐரோப்பிய நியமமோ 3 மீற்றர் வரையான வீழ்ச்சி உயரத்தை அனுமதிக்கின்றது; ஆனால், உயரத்துக்கேற்ப அடித்தளம் அதிர்ச்சியைத் தாங்கவேண்டும் என்கின்றது. ஒருமுறை மணல் பரப்பினாற் போதாது. மிதிபட்ட மணல் இறுகிவிடும்; ஊஞ்சலின் கீழே கால்பட்டு விலகிக் குழியாகிவிடும். அதனைக் கிளறி நிரப்ப ஓர் ஆளும், அவருக்கு ஊதியமும் வேண்டும்.

பிரச்சினையின் சமுதாய அடிப்படை இங்கேதான் வெளிப்படுகின்றது. திறப்பு விழாவுக்கு மாலையும் பெயர் பொறித்த கல்லும் உண்டு. தளர்ந்த ஆணியை முடுக்குவதற்கு விழா இல்லை. வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கு வீட்டு முற்றம் உண்டு. தோட்டத்து லயத்திலும் நகரத்துச் சேரியிலும் வாழும் தொழிலாளியின் பிள்ளைக்குப் பொது விளையாட்டிடமே முற்றம். அங்கே கறள் பிடித்த சங்கிலியைத் தொங்கவிடுவோர் அப்பிள்ளையின் உயிரை மலிவாக மதிப்பிடுகின்றனர். விபத்தின் பின்னர் வாயிலைப் பூட்டிவிடுவதும் பரிகாரமாகாது. பூட்டிய வாயில் பிள்ளையைத் தெருவுக்கே அனுப்பும்.

விளையாட்டைச் சிறுவர் உரிமையென ஏற்ற 1989 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் உறுதிசெய்தது. உரிமையென ஏற்றதைப் பழுதுபட்ட நிலையில் வழங்குதல் நேர்மையாகாது. புதிய விளையாட்டிடம் ஒன்றுக்குப் பணம் ஒதுக்கும் உள்ளூராட்சி மன்றம், அதனை ஆண்டுதோறும் பரிசோதித்துப் பேணுதற்கான பணத்தையும் அன்றே ஒதுக்கவேண்டும். அதனைக் கேட்கும் கடமை பெற்றோருக்கும் ஆசிரியராகிய நமக்கும் உண்டு. பிள்ளை விழுந்த பின்னர் கேட்பதிலும், கொளுக்கி தேயும்போதே கேட்பது நன்று.