கூலியா, கொடையா?

சாவு வீட்டில்தான் நம் பக்தியின் லட்சணம் வெளியே வருகிறது. பெட்டியை மூடப்போகும் நேரம். கூடப் பிறந்த தம்பி வாசலிலேயே நிற்கிறார். கேட்டால், "ஆர்.சி. ஜெபத்துல நான் நிக்க மாட்டேன். அவங்க கிரியையை நம்புறவங்க" என்கிறார். உள்ளே இருப்பவர்களோ, "தாய்த் திருச்சபையை விட்டுப் போனவங்களுக்கு மோட்சம் ஏது?" என்று முணுமுணுக்கிறார்கள்.

ஆரணி, போளூர், சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவ உறவுகளே, இந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள்.

மனிதன் கடவுள்முன் நேர்மையானவனாக நிற்பது விசுவாசத்தால் மட்டுமா, நற்செயலும் சேர்ந்தா? இதுதான் சண்டை. 1517இல் லூத்தர் தொடங்கிய வழக்கில் 1547இல் திரெந்து பொதுச்சங்கம் எதிர்த்தீர்ப்பு எழுதியது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால் வைத்தார். வழக்கும் கூடவே கரையேறியது. வீரமாமுனிவர் 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' என்று நூல் எழுதி மறுத்தார். தமிழ் உரைநடை வளர்ந்தது, உறவு வளரவில்லை. இன்றும் ஒருவருக்கு அது இரட்சிப்பு, மற்றவருக்கு மீட்பு. ஒருவர் நீதிமானாக்கப்படுகிறார், மற்றவர் ஏற்புடையவர் ஆகிறார். ஒவ்வொரு ஜோடிக்கும் மூலத்தில் இருப்பது ஒரே சொல்.

தாத்தாக்கள் போட்ட வழக்கில் பெரும்பகுதி தீர்ந்துபோனதாவது உங்களுக்குத் தெரியுமா? 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியைப் பார்த்தல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், அந்த அருளே நம்மை நற்செயலுக்கு அனுப்புகிறது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2006இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள். 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பும் சேர்ந்தது. ஆரணியில் ஊழியம் செய்த ஆற்காடு மிஷன் அந்தச் சீர்திருத்த மரபில் வந்ததுதான். சேத்துப்பட்டில் தாராஸ் அடிகளார் வளர்த்த சபையும் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட திருச்சபைதான். பெரியவர்கள் ராசியாகிவிட்டார்கள், பங்காளிகள் நாம்தான் இன்னும் வரப்பில் நிற்கிறோம்.

அருளுக்கும் நற்செயலுக்கும் உள்ள உறவை நெசவாளிக்கு விளக்கவே வேண்டாம். புடவை அறுத்துக் கொடுத்தால் வருவது கூலி. கணக்குப் பார்த்து வாங்குவது. அதே வீட்டுப் பிள்ளைக்கு அம்மா போடும் சோறு கூலியா? தார் சுற்றினால்தான் சோறு என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. ஆனாலும் அப்பா தறிக்குழியில் இறங்கியதும் பிள்ளை ராட்டை முன் உட்கார்ந்து தார் சுற்றுகிறது. சோற்றுக்காக அல்ல, அந்த வீட்டுப் பிள்ளை என்பதால். சோறு கொடை என்று பவுல் உரோமையருக்கு எழுதினார். சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடக்கிற பிள்ளையை யாக்கோபு உலுக்கினார். இருவரும் பேசியது ஒரே வீட்டைப் பற்றி.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. உத்தரிக்கிற ஸ்தலம், புனிதர்களிடம் வேண்டுதல், ஒரே பந்தியில் நற்கருணை, இவை இன்னும் தீராதவை. பேசுங்கள், வாதாடுங்கள். ஆனால் யார் நரகத்துக்குப் போவார் என்ற தீர்ப்பை உங்கள் கையில் எடுக்காதீர்கள். அருளால் வந்தது என்று அறிக்கையிட்டுவிட்டு அதையே பெருமையாக்கிக்கொண்டால் அதுவும் கூலி கேட்பதுதான்.

நம் போளூர்ப் பக்கத்துத் திருமலையைப் பாருங்கள். சைவச் சோழர் குலத்து இளவரசி குந்தவையின் பெயரால் அங்கே சமணக் கோயில் நிற்கிறது. அதில் விளக்கெரிக்க ஒரு வணிகரின் மனைவி காசு கொடுத்ததை ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. வேறு சமயத்துக் கோயிலையே சோழர் நாடு தாங்கியிருக்க, ஒரே சிலுவையைக் கும்பிடுகிற நாம் ஒரே வீட்டுச் சாவில் ஒன்றாய் நிற்க மாட்டோமா?

அடுத்த சாவுக்குக் காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிறு ஆராதனையோ பூசையோ முடிந்ததும், பேச்சை விட்ட அந்த உறவின் வீட்டுக்கு நேரே நடந்து போங்கள். வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்காருங்கள்.