மணநாளிற் குறை

சைவாசிரியர்களே, விவாக தினத்திலே விளக்கணையினும், முகூர்த்தம் சிறிது தவறினும், அதனை மணமகளின் தீவினையென்று சொல்லி அவளை ஆயுள்முழுதும் வருத்துவோர் நம்மவருள் உளர். அவர் பெரியபுராணங் கேட்டவரல்லர் போலும்.

கஞ்சாறூரிலே மானக்கஞ்சாற நாயனார் நெடுங்காலம் மகப்பேறின்றி வழிபட்டுப் பெற்ற புத்திரிக்கு மணநாள் வந்தது. மணமகன் வருமுன்னே மாவிரதியொருவர் வந்து, தம்மை வணங்கிய அப்பெண்ணின் கூந்தல் பஞ்சவடிக்கு ஆகும் என்றார். தந்தையார் உடைவாளையுருவி அடியிலே அரிந்து கொடுத்தார். மணக்கோலத்துக்கு இதனினும் பெருங்குறை யாது? மணமகனாகிய ஏயர்கோன் கலிக்காமரோ நிகழ்ந்தது கேட்டு மகிழ்ந்தார். எழுந்தருளிய பெருமானைத் தாம் காணப்பெறாமைக்கே வருந்தினார். கூந்தலுக்கு வருந்தினாரென்று சேக்கிழார் கூறிற்றிலர். அது திருவருளால் மீள வளர்ந்த அற்புதத்தையே பலரும் வகுப்பில் விரிப்பர். நாம் மணமகனின் மனத்தை விரிப்போம்.

பின்னாளிலே கலிக்காமர், சுந்தரமூர்த்தி சுவாமிகளால் தமது சூலை தீர்வதை விரும்பாது, வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். உடன் மாயத் துணிந்த மனைவியார், சுவாமிகள் அணுகினாரெனக் கேட்டவுடனே அழுகையை விலக்கி, நிறைகுடமும் விளக்கும் வைப்பித்து எதிர்கொள்ளச் செய்தார். கணவர் வெறுத்தவரேயாயினும் வந்தவர் அடியாரன்றோ! நாயனார் எங்கே என்றபோது, தீங்கொன்றுமில்லை, உள்ளே துயில்கின்றார் என்று சொல்வித்தார். சுவாமிகள் விடாது உட்புகுந்து கண்டு, அவ்வாளையே தாமும் பற்றினார். அக்கணமே கலிக்காமர் திருவருளால் உயிர்த்தெழுந்து வாளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் நண்பராய்த் திருப்புன்கூரை வணங்கித் திருவாரூர் சென்றனர். சிலநாளின் பின் நாயனார் தம்மூர்க்கு மீண்டார்.