தீமையின் குரலில் பாடலாமா?

தீயவனின் வாயிலிருந்து அவன் பேச்சையே பாட்டாகப் பாடுவது அறமாகுமா என்பது தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. எழுபதுகளின் பிரிட்டிஷ் புரோகிரசிவ் ஃபோக் இசையில் இதை மிகக் கடுமையாக எழுப்பியது ‘ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்’ என்ற இசைத்தட்டு. கோமஸ் என்ற குழு உருவாக்கிய இதனை டான் நிறுவனம் 1971-இல் வெளியிட்டது. குழுவின் தலைமைப் பாடகரான ரோஜர் வூட்டன் அட்டைப் படத்தையும் தாமே பால்பாயின்ட் பேனாவால் வரைந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஏழு வாரம் அஞ்சல் வேலைநிறுத்தம் நடந்தது. தட்டு விலைபோகாததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. பாடல்களின் பொருளே போதுமான காரணம் என்றும் கொள்ளலாம். வன்புணர்வு, கொலை, சமயத்துக்காக உயிர்விடும் ஒரு கிறிஸ்தவரின் மரணம், மனப்பிறழ்வு ஆகியவையே இதன் பெரும்பகுதி.

குழுவின் பெயர் ஜான் மில்டனிடமிருந்து வந்தது. அவர் எழுதிய இசைநாடகம் 1634 செப்டம்பர் 29 அன்று லட்லோ கோட்டையில் நடிக்கப்பட்டது. காட்டில் தனித்துவிடப்பட்ட இளம்பெண்ணை கோமஸ் என்ற மாயாவி ஏமாற்றி அழைத்துச் செல்கிறான். இருக்கையோடு கட்டுண்டு கிடந்தும் அவள் அவனுடைய மதுவை ஏற்க மறுக்கிறாள். இறுதியில் செவர்ன் ஆற்றின் தேவதை சப்ரினா வந்து அவளை விடுவிக்கிறாள். கற்பைத் தாக்கலாம், அதற்குக் கேடு செய்ய முடியாது. மேலுலகம் அதன் பக்கம் நிற்கும் என்பது மில்டனின் உறுதிப்பாடு. 1971-இன் கோமஸ் இந்தக் கதையில் வேட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மீட்பை விட்டுவிட்டது. ‘சாங் டு கோமஸ்’ பாடலில் எந்தத் தேவதையும் வருவதில்லை. இந்த மாற்றம் அந்தப் பழைய கதையின் இறையியலையே மறுக்கிறது.

பிளேட்டோ இருந்திருந்தால் மீட்பு இல்லாததைவிட வேறொன்றையே பெரிய குற்றமாகக் கண்டிருப்பார். ‘குடியரசு’ நூலின் மூன்றாம் பகுதியில், கவிஞர் ஒரு நிகழ்ச்சியைத் தம் வாயால் சொல்வதையும் பாத்திரமாகவே மாறிப் பேசுவதையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். கெட்டவர்களையும் பித்தர்களையும் பற்றி அறிந்திருக்கலாம், ஆனால் அவர்களைப் போல நடிக்கக் கூடாது என்கிறார். நடிப்பு நாளடைவில் இயல்பாகிவிடும் என்பது அவருடைய அச்சம்.

ஆங்கில நாட்டார் கதைப்பாடல்களிலும் இரத்தத்துக்குக் குறைவில்லை. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாடல்களில் 93-ஆவதான ‘லாங் லாங்கின்’ ஒரு கைக்குழந்தையின் கொலையைச் சொல்கிறது. ஸ்டீல்ஐ ஸ்பேன் குழு 1975-இல் அதைப் பதிவு செய்தபோது யாரும் அதிர்ச்சி அடையவில்லை. நடந்ததைப் பாடகர் விலகி நின்று சொல்கிறார். நீதி உரைப்பதுமில்லை, பங்கேற்பதுமில்லை. கோமஸ் குழுவின் ‘டிரிப் டிரிப்’ அந்த விலகலைக் கைவிட்டது. பிணத்தைச் சுமந்து செல்லும் கொலைகாரனே அதில் பேசுகிறான், அதுவும் ஏறக்குறையக் காதலனின் கனிவோடு. ஸ்வீடனின் ஓபெத் குழு 1998-இல் தன் தொகுப்பு ஒன்றுக்கு அவன் சொற்களையே தலைப்பாக வைத்தது. பிளேட்டோவின் அச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை.

அரிஸ்டாட்டில் வேறு வழியைக் காட்டுகிறார். நேரில் பார்க்கக் கூசும் பிணத்தையும் இழிந்த விலங்கையும் சித்திரமாகப் பார்க்கும்போது மக்கள் மகிழ்வது அறிதலின் இன்பத்தால் என்று ‘கவிதையியல்’ கூறுகிறது. இந்த இசைத்தட்டுக்கு அந்த வாதம் ஓரளவே பொருந்தும். பாபி வாட்சனின் உச்சக் குரலும் காலின் பியர்சனின் வயலினும் போங்கோ தாளமும் வேட்டையாடுபவனின் மூச்சிரைப்பை அருகே கொண்டுவருகின்றன. கேட்பவர் சித்திரத்துக்கு வெளியே நிற்க இடம் கிடைப்பதில்லை. ‘தி ஹெரால்ட்’ என்ற நீண்ட, மென்மையான பாடல் சற்று ஆறுதல் தருவதும், அதன் பிறகு வருவதன் கொடுமையைக் கூட்டத்தான்.

தட்டின் உண்மையான குறை இந்த நெருக்கத்தில் இல்லை. மில்டனின் பெண் வாதாடுகிறாள். மாயாவியின் சொல்வன்மைக்கு ஈடுகொடுத்து மறுமொழி சொல்கிறாள். நாடகத்தின் தத்துவ எடையில் பாதி அவள் பேச்சில்தான் இருக்கிறது. இசைத்தட்டில் துரத்தப்படும் பெண்களுக்குப் பேச்சே இல்லை. தீமைக்கு இவ்வளவு நயமான மொழியைக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்தை ஊமையாக்கியது கலைத் துணிச்சல் அல்ல, கற்பனைப் பஞ்சம்.

கடைசிப் பாடலான ‘தி பிரிசனர்’ இதை ஓரளவு ஈடுசெய்கிறது. மனநோயாளி என்று அடைத்துவைக்கப்பட்ட ஒருவன் இதில் தன் வாயால் பேசுகிறான். அதுவரை வன்முறை செய்பவனின் பக்கம் நிறுத்தப்பட்டிருந்த கேட்பவர், திடீரென அதைத் தாங்குபவனின் பக்கம் வந்துவிடுகிறார். பாடுபவர் தம்மை மறந்து பாத்திரமாவது இங்கும் நிகழ்கிறது. அதே உத்திதான் இப்போது இரக்கத்தை எழுப்புகிறது. பிளேட்டோவின் தடைப்பட்டியலில் கெட்டவனுக்கு அடுத்தே பித்தனும் இருக்கிறான். அந்தத் தடையை ஏற்றால் ‘டிரிப் டிரிப்’ கொலைகாரனோடு சேர்ந்து இந்தக் கைதியும் பேச்சிழக்க நேரும்.