மார்கழிப் பனியும் ஒரு சிறு கருவியும்

சித்திரை

ஆலங்குடியில் காலை எட்டு மணிக்கே வெயில் உறைக்கிறது. செம்மண் கொல்லைகள் காய்ந்து வெடித்துக் கிடக்கின்றன. காற்றின் மாசை அளக்கும் சிறு கருவியைப் பற்றி எழுத இது நல்ல மாதம். காற்றில் ஈரம் குறைவு. கருவி அதிகம் தடுமாறாது.

சில ஆயிரம் ரூபாய்க்கு இன்று கிடைக்கும் இந்தக் கருவிகளின் உள்ளே ஒரு சிறு விசிறி, ஒரு லேசர் கதிர், ஓர் ஒளி உணரி. விசிறி காற்றை இழுக்கிறது. கதிரைக் கடக்கும் துகள் ஒளியைச் சிதறடிக்கிறது. சிதறிய ஒளியைக் கொண்டு துகளின் அளவையும், அதிலிருந்து எடையையும் கருவி கணிக்கிறது. அது எதையும் தராசில் வைப்பதில்லை. வெளிச்சத்தைப் பார்த்து எடையைச் சொல்கிறது. பருவங்கள் அதை ஏமாற்றுவது இந்த இடைவெளியில்தான்.

வெயில் படும் சுவரில் மாட்டினால் பெட்டியே சூடாகிவிடும். அப்போது உள்ளிருக்கும் வெப்ப, ஈர உணரி, வெளிக்காற்றைவிடக் கூடுதல் வெப்பத்தையும் குறைந்த ஈரத்தையும் காட்டும். நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் போன்ற வாயுக்களை அளக்கும் மலிவான உணரிகளோ வெப்பம் ஏற ஏறத் தாம் காட்டும் அளவையே மாற்றிவிடுகின்றன. நிழலும் காற்றோட்டமும் நமக்கு மட்டும் வேண்டியவை அல்ல.

ஆடி

மேற்கிலிருந்து வீசுகிறது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்டு வருகிறது. உழுத கொல்லையின் புழுதி வீட்டுத் திண்ணைவரை வந்து படிகிறது. நாக்கில் மண் கரகரக்கிறது.

இந்த நாளிலும் கருவியின் எண் பெரிதாக ஏறாமல் இருக்கலாம். பெரிய மண் துகள்கள் அந்தச் சிறு அறைக்குள் சரியாக நுழைவதில்லை. நுழைந்தாலும், அவற்றின் எடையோடு ஒப்பிட்டால் அவை சிதறடிக்கும் ஒளி குறைவு. பரவலாகப் பயன்படும் பிளான்டவர் பிஎம்எஸ் 5003 போன்ற உணரிகள், பெரிய துகள்களையும் சேர்த்துக் காட்டும் ‘பிஎம் 10’ எண், பெரும்பாலும் நுண்துகள்களை வைத்துப் போட்ட கணக்குதான். கண்ணுக்குத் தெரியும் தூசியைக் கருவி குறைத்துச் சொல்கிறது. புழுதி நாளில் கண்ணையும் நாக்கையும் நம்புவதில் தவறில்லை.

ஐப்பசி

வடகிழக்குப் பருவமழை. சமையலறையில் உப்பு நீர்த்துக் கிடக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். பாக் நீரிணைப் பக்கமிருந்து வரும் காற்றில் மிதக்கும் உப்புத் துகளுக்கும் அதே இயல்புதான். புகையிலிருந்தும் உரத்திலிருந்தும் பிறக்கும் சல்பேட், நைட்ரேட் துகள்களும் நீரை ஏற்று உப்புகின்றன. ஒரு துகளின் விட்டம் ஒன்றரை மடங்கானால் அதன் கன அளவு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். அதில் கூடியது அத்தனையும் தண்ணீர். அதைக் கருவி மாசு என்று படிக்கிறது.

தூசியின்றி மூடுபனி உருவாவதில்லை என்று 1880இல் ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் எய்ட்கன் காட்டினார். நீராவி படிய ஒரு துகள் வேண்டும். தூசியும் ஈரமும் சேர்ந்தே வாழ்பவை. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

காற்றின் தரத்தை அளக்கும் அரசு நிலையங்களில் இருக்கும் பீட்டா கதிர்க் கருவி இதைச் செய்கிறது. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகே துகளை நாடாவில் படியவைத்து அளக்கிறது. அதன் விலை லட்சங்களில். மலிவான கருவியில் உலர்த்தும் ஏற்பாடு பொதுவாக இருப்பதில்லை.

மார்கழி

விடியற்காலை. தென்னந்தோப்புகளின் மேல் பனி தாழ இறங்கியிருக்கிறது. கருவியின் எண் ஏறி நிற்கிறது. பனிதான் காரணம் என்று தள்ளிவிட மனம் துடிக்கிறது.

அப்படித் தள்ளக்கூடாது. குளிர்ந்த தரைக்கு மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ள, விறகடுப்பின் புகையும் மட்டையும் சருகும் எரித்த புகையும் மேலே போகாமல் ஆள் உயரத்திலேயே தங்குகின்றன. எண்ணில் ஒரு பங்கு தண்ணீர்; மறுபங்கு மெய்யான புகை. அடுப்பு ஊதும் பெண்ணின் நெஞ்சுக்கு அந்த மறுபங்கு போதும். எண்ணை அப்படியே நம்புவதும் அடியோடு மறுப்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

தை

போகி கழிந்து தை விடிகிறது. நேற்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த தெருவில் கருவி தேவைப்படவில்லை, மூக்கே சொல்லிவிட்டது. மற்ற நாட்களில் கருவியின் எண்ணைத் திருத்தித்தான் படிக்க வேண்டும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2021இல் ‘பர்ப்பிள் ஏர்’ என்ற மலிவான கருவிகளுக்கு ஒரு திருத்தச் சூத்திரம் வெளியிட்டது. கருவியின் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத விழுக்காட்டை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். 90 விழுக்காடு ஈரத்தில் 80 என்று காட்டினால், திருத்திய அளவு ஏறக்குறைய 40. நுண்துகளுக்கு (பிஎம் 2.5) இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். திருத்தாத எண் வரம்புக்கு மேல், திருத்திய எண் வரம்புக்குள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 15 என்ற அளவுக்கு முன்னால் இரண்டுமே அதிகம்.

அந்தச் சூத்திரம் அமெரிக்கக் காற்றில் பிறந்தது. நம் செம்மண்ணுக்கும் விறகுப் புகைக்கும் நம் ஊரில் அளந்து பெற்ற திருத்தம் வேண்டும். மலிவான கருவியைத் தரமான கருவியின் அருகே எல்லாப் பருவங்களிலும் ஓடவிட்டுத்தான் அதைப் பெற முடியும். ஒரு மாதச் சோதனை ஓராண்டுக்குப் பொருந்தாது.

பள்ளியிலோ வீட்டிலோ இந்தக் கருவியை மாட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணை மட்டும் குறிக்காதீர்கள். பக்கத்தில் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் எழுதுங்கள். பனியா, மழையா, புழுதியா, எங்கே புகை என்பதையும் எழுதுங்கள். நாளை சரியான திருத்தம் கிடைக்கும்போது, பருவத்தோடு எழுதிய பழைய எண்கள்தான் பயன்படும்.