செம்பும் கடலும்

நெம்மேலி அங்கன்வாடியில் வேலை பார்த்த காலமெல்லாம் தாய்மாருக்கு ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, கையில் ஓஆர்எஸ் பொட்டலம் இல்லை என்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒருநாள் குப்பத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். "எங்கிட்ட அரை லிட்டர் செம்புதான் டீச்சர் இருக்கு. இது சரியா பாருங்க." சர்க்கரை மூன்று போட்டிருந்தாள், உப்பு அரை. ஒன்றைப் பாதியாக்கியவள் மற்றதை மறந்துவிட்டாள். பன்னிரண்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டியது ஆறுக்கு ஒன்றாகிவிட்டது. துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு உப்பு கூடினால் ஆபத்து. நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. அவளுக்கே முகம் சுளித்தது. கொட்டிவிட்டுக் கால் டீஸ்பூன் உப்போடு மறுபடி கலந்தோம்.

அந்தச் செம்பு பிறகு எனக்கு ஒரு உபன்யாசத்தில் ஞாபகம் வந்தது, திருவிடந்தைப் பெருமாள் கோயிலில். முக்தி பெற்ற ஜீவன் பகவானுக்குச் சமமாகுமா? பிரம்ம சூத்திரம் முடிகிற இடத்தில் இந்தக் கேள்விதான் நிற்கிறது. ஆனந்தத்தை அனுபவிப்பதில் சமம், உலகத்தைப் படைத்துக் காக்கும் தொழில் மட்டும் அவனுக்கே என்பது ராமானுஜர் உரை. பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு மனசு ஆறவில்லை. "அப்படின்னா முழுச் சமம் இல்லையே?"

செம்பு சிறிதானாலும் விகிதம் அதேதானே; கடலும் அப்படித்தான். எங்கள் ஊர்க் கடலில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. உள்ளங்கையில் அள்ளினாலும் அதே கணக்குத்தான். 2013இல் இங்கே வந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் பிரிக்க, 2024இல் வந்தது 15 கோடி லிட்டர் பிரிக்கக் கட்டியது. அவ்வளவு கடல்நீரின் கரிப்பை அறிய ஒரு குடுவை போதும். சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகரும் மகனை உப்புநீரின் மேலே, நடுவே, அடியிலே பருகித்தானே பார்க்கச் சொன்னார்!

உள்ளங்கை நீரில் படகு ஓடாதுதான். அது கடலின் வேலை. கரிப்பில் அந்த உள்ளங்கை நீருக்கு என்ன குறை? ராமானுஜர் பிரித்த இடமும் இதுதான் என்று நம்புகிறேன். அந்த அம்மாளிடமும் இப்படித்தான் சொன்னேன்.

செம்பில் மறுபடி கலந்துகொடுத்த அன்று சாயங்காலம் குப்பத்துக்குப் போயிருந்தேன். செம்பு காலி. பிள்ளை அம்மா மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னும் வேண்டும் என்று செம்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.